புத்தி தடுமாறும் முதியவருக்கு முதலில் பரிசோதனை: கொடைக்கானல் மலையிலிருந்து ஒரு திறந்த மடல்

திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டச் சுகாதாரத் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

கொடைக்கானல் மேல்மலையில் அண்மையில் நடந்தது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். எண்பதை நெருங்கும் பாட்டி ஒருவர். லேசான மறதி முன்பே இருந்தது. ஆனாலும் உட்கார்ந்து பூண்டு உரிப்பார், பேரப்பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். இரண்டே நாளில் ஆள் மாறிப்போனார். பகலெல்லாம் மயக்கம்போலத் தூக்கம். ராத்திரி எழுந்து கதவைத் திறந்துகொண்டு போகிறார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். கூட்டிப்போன இடத்தில் காய்ச்சல் இல்லை என்று பார்த்து, "வயசான கோளாறு" என்று சொல்லி, தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சிறுநீர்த் தொற்று என்று தெரிய வந்தபோது இரண்டு வாரம் ஓடிவிட்டது. தொற்று தீர்ந்தது. பாட்டி பழையபடி ஆகவில்லை.

ஏன் ஆகவில்லை என்பதற்கு மருத்துவத்தில் விளக்கம் உண்டு. மூளையைக் காக்கும் மைக்ரோக்ளியா என்ற அணுக்கள், அல்சைமர் என்ற மறதி நோய் வந்த மூளையில் அமிலாய்டு என்ற புரதப் படிவுகளைச் சுற்றி ஏற்கெனவே உசுப்பேறிய நிலையில் இருக்கின்றன. அப்போது சிறுநீர்ப்பையிலோ நெஞ்சிலோ தொற்று வந்தால், ரத்தத்தில் பெருகும் டி.என்.எஃப், இன்டர்லூக்கின் போன்ற அழற்சிப் புரதங்களின் தாக்கம் உள்ளுறுப்புகளை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகவும் மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் வழியாகவும் உள்ளே எட்டுகிறது. கிருமி மூளைக்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லை. நோயில்லாத மூளையில் அந்த அழற்சி சில நாளில் அடங்கிவிடும். அல்சைமர் மூளையிலோ உசுப்பேறிய மைக்ரோக்ளியா அளவு மீறிக் கிளம்பி, நரம்பணுக்களின் இணைப்புகளையே சிதைக்கும். இங்கிலாந்தில் அல்சைமர் நோயாளிகள் 300 பேரை ஆறு மாதம் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இடையில் தொற்று, காயம் போன்றவை வந்தவர்களுக்கு நினைவாற்றல் சரிந்த வேகம் மற்றவர்களைப்போல் இரு மடங்கு. ஆகவே தாமதமாகும் ஒவ்வொரு நாளும் அந்த முதியவருக்கு நட்டம்தான்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். திடீரென்று குழம்பிப்போகும் எந்த முதியவருக்கும், மறதி நோய் என்று எழுதுவதற்கு முன், தூக்க மாத்திரை கொடுப்பதற்கு முன், அதே நாளில், அதே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காரணம் தேடிப் பரிசோதிக்க வேண்டும்.

அல்சைமர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வருவது. மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ வந்து, காலையில் தெளிந்து மாலையில் மோசமாகும் குழப்பம் டெலிரியம். அது அவசர நோய். அதைக் கண்டுபிடிக்க ஃபோர்-ஏ-டி (4AT) என்ற சோதனை இருக்கிறது. இரண்டு நிமிடம்கூட ஆகாது, கருவி எதுவும் வேண்டாம். விழிப்பு நிலை, வயது-பிறந்த தேதி-இடம்-ஆண்டு, மாதங்களைப் பின்னாலிருந்து சொல்வது, திடீர் மாற்றம் உண்டா என்பது: இந்த நான்குக்கும் மதிப்பெண். மொத்தம் நான்கோ அதற்கு மேலோ வந்தால் டெலிரியமாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பிறந்த தேதியே பதிவாகாத எங்கள் மலைப் பாட்டிகளிடம் அதைக் கேட்டு மதிப்பெண் போடுவது நியாயமில்லை. கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வது போன்ற மாற்றுகளை வைத்து, மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களைக் கொண்டு தமிழில் ஒரு தாள் தயாரித்துக் கொடுங்கள்.

டெலிரியம் என்று பட்டால் பார்க்க வேண்டியவை நீண்ட பட்டியல் இல்லை. ரத்தச் சர்க்கரை, ஆக்சிஜன், நாடி, ரத்த அழுத்தம், நெஞ்சுச் சளி. வயிற்றைத் தொட்டால் சிறுநீர் அடைத்து நிற்பதும் மலச்சிக்கலும் தெரிந்துவிடும். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே தொற்று இருக்கும் என்பதால் வெப்பமானியை மட்டும் நம்பக் கூடாது. ரத்தத்தில் சோடியம் 135-க்குக் கீழே போயிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் தயசைடு மாத்திரையே அதைக் குறைத்துவிடுவது உண்டு. குளிர் மலையில் கடையில் வாங்கிப் போடும் சளி மாத்திரையில் உள்ள குளோர்பெனிரமின் மறதி உள்ளவரை இன்னும் குழப்பும். கதவைச் சாத்திக் கரியடுப்பு வைத்துத் தூங்குகிற வீடு என்றால் கார்பன் மோனாக்சைடையும் நினைக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது, எண் நன்றாகவே இருக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நாங்கள் தினமும் முட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறோம்: சிறுநீர் மாதிரி. நிறம் மாறும் சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்ப்பது முதியவர்களுக்குப் போதாது. எந்தத் தொந்தரவும் இல்லாத பாட்டிகளின் சிறுநீரிலும் கிருமி இருக்கும், அதை நம்பி எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் எழுதுவதும் தப்பு. கல்ச்சர், அதாவது கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை, வேண்டும். எடுத்த சிறுநீரை வெளியில் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் போட வேண்டும். 2 முதல் 8 டிகிரியில் வைத்தால் 24 மணி நேரம் தாங்கும். மன்னவனூரிலோ கிளாவரையிலோ காலையில் எடுத்த பாட்டில், யாரோ ஒருவர் பையில் பேருந்தேறிக் கொடைக்கானல் வந்து, அங்கிருந்து மலையிறங்கிச் சமவெளி வெயிலுக்குப் போய்ச் சேரும்போது அதில் என்ன மிஞ்சியிருக்கும்? மூன்று நாள் கழித்துப் பதில் வருகிறது: "பல கிருமிகள் கலந்துள்ளன, மறுபடி மாதிரி அனுப்பவும்." அந்த மூன்று நாளும் அந்த முதியவர் கட்டிலில் கிடக்கிறார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் ஃப்ரிட்ஜ் இருக்கிறதே என்று பதில் சொல்லாதீர்கள். அது தடுப்பூசி வைக்கும் பெட்டி, அதில் மாதிரியை வைக்கக் கூடாது என்பது உங்கள் துறையின் விதி, சரியான விதி. தனியாக ஒரு சிறு ஃப்ரிட்ஜ் கொடுங்கள். புதன்கிழமை தடுப்பூசி எடுத்துப்போவது போன்ற நான்கு ஐஸ் பேக் பெட்டி ஒன்று, மாதிரிக்கு மட்டும் என்று எழுதிக் கொடுங்கள். வழியில் கிருமி பெருகாமல் காக்கும் போரிக் அமிலம் போட்ட பாட்டில் தந்தால் இன்னும் நல்லது. ஆனால் கோடு வரை நிரப்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும். குறைவாக ஊற்றினால் அமிலம் தேடுகிற கிருமியையே கொன்றுவிடும். சுத்தமாகக் கழுவி, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடிப்பது, எடுத்த நேரத்தைப் பாட்டிலில் எழுதுவது ஆகியவற்றைச் செவிலியர்களுக்கு ஒரு மதியத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

2024 மே 7 முதல் இந்த மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் போட்டு எண்ணிக் கணக்கு வைக்க முடிகிறது. இங்கேயே பிறந்து இங்கேயே மூத்தவர்களின் சிறுநீர் பாட்டில் கெடாமல் மலையிறங்க வழி செய்ய முடியவில்லை என்றால் எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது, கோபமும் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், கேட்க வந்ததைக் கேட்கிறோம்.

இன்னொன்று. சில வாரங்களிலேயே மறதி முற்றி, முகமும் கையும் வெட்டி வெட்டி இழுத்து, சோடியமும் குறைந்தால், அது மூளையின் எல்.ஜி.ஐ-1 என்ற புரதத்துக்கு எதிராக உடலே உண்டாக்கும் எதிர்ப்புரதத்தால் வரும் மூளை அழற்சியாக இருக்கலாம். ஸ்டீராய்டு சிகிச்சை உரிய காலத்தில் கிடைத்தால் பலர் நன்றாகத் தேறுகிறார்கள். அப்படிப்பட்டவரை மதுரைக்கு அன்றே அனுப்பக் கடிதமும் வண்டியும் வேண்டும். அழற்சி என்றதும் வலி மாத்திரை எழுதும் வழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். நாப்ராக்சென், செலிகாக்சிப் அல்சைமரைத் தடுக்குமா என்று பார்த்த பெரிய சோதனையில் 2004-இல் மருந்தையே நிறுத்தினார்கள், பலன் தெரியவில்லை. முதியவரின் சிறுநீரகமும் வயிறும்தான் கெடும்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் எங்கள் வீட்டு வாசல்வரை வருகிறது, அதற்கு நன்றி. மாத்திரை கொடுக்க வருபவர், "போன தடவையைவிட இவருக்குக் குழப்பம் கூடியிருக்கிறதா?" என்று வீட்டாரிடம் கேட்டு எழுதினாலே போதும், பலர் முன்கூட்டியே கண்ணில் படுவார்கள்.

மறுபடியும் பணிவோடு கேட்கிறோம்: குழம்பிய முதியவருக்கு முதலில் பரிசோதனை, பிறகே மறதி என்ற முத்திரை. மேல்மலையிலும் கீழ்மலையிலும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குத் தனி ஃப்ரிட்ஜும் மாதிரிப் பெட்டியும், சோடியம் பார்க்க ஒரு கருவியும், தமிழில் அந்தச் சோதனைத் தாளும் ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் வந்து சேர வேண்டும். மண் சரிந்து பாதை அடைத்தால் பாட்டிலும் போகாது, நோயாளியும் போக முடியாது. எந்த நிலையத்துக்கு எப்போது வரும் என்று எழுத்தில் ஒரு பதில் தந்தால் கடமைப்பட்டிருப்போம்.

பணிவுடன்,
பழனி மலைத்தொடரில் முதியோர் பராமரிப்பில் உள்ள செவிலியர்களும் ஆய்வக நுட்பநர்களும்