எண்ணிக்கை சொல்லாத விஷயம்

அன்புள்ள செந்தில்,

தூக்கத்தில் உனக்கு மூச்சு தடைபடுவதற்காக, மருந்து கொடுத்துத் தூங்க வைத்துத் தொண்டையைச் சோதிக்கப் போகிறார்கள் என்றதும் பயந்துவிட்டாய் போல. "ஒரு ராத்திரி முழுக்க ஒயர்களோடு படுத்தேனே, அது போதாதா?" என்று கேட்டிருந்தாய். ஸ்லீப் லேபில் வேலை பார்த்தவளாகச் சொல்கிறேன், போதாது.

அந்த டெஸ்ட் சொன்னது எண்ணிக்கையை மட்டும்தான். மணிக்கு 38 முறை மூச்சு தடைபடுகிறது. 30-க்கு மேல் போனால் தீவிரம். சரி. ஆனால் உன் தொண்டை எவ்வளவு லேசில் மூடிக்கொள்கிறது என்று அதில் தெரியாது. அதே 38 வாங்கிய இரண்டு பேரில் ஒருவருக்குத் தொண்டையே தொளதொளவென்று இருக்கும். இன்னொருவருக்குத் தொண்டை சுமாராகவே இருந்தும், சின்னத் தடைக்கெல்லாம் விழித்துக்கொள்வதாலோ, மூளை மூச்சை அளவுக்கு மீறிக் கூட்டிக் குறைப்பதாலோ அந்த எண் வந்திருக்கும். இருவருக்கும் ஒரே ஆபரேஷன் செய்தால் எப்படி?

அண்ணத்துக்குப் பின்னாலிருந்து குரல்வளை வரை உள்ள குழாயைத் திறந்து வைக்க எலும்பு வளையமோ குருத்தெலும்பு வளையமோ கிடையாது. நனைந்த பேப்பர் ஸ்ட்ராவை உறிஞ்சினால் ஒட்டிக்கொள்ளும் அல்லவா, அப்படித்தான். விழித்திருக்கும்போது தசைகள் இழுத்துப் பிடித்திருக்கும், தூங்கினால் தளர்ந்துவிடும். எந்த அழுத்தத்தில் அது முழுதாக மூடுகிறதோ, அதைத்தான் லேபில் 'பி-க்ரிட்' என்போம். நல்ல தொண்டைக்கு அது சுமார் மைனஸ் 10 சென்டிமீட்டர் நீர் அழுத்தம், அல்லது அதற்கும் கீழே. அதாவது, உறிஞ்சி இழுத்தால்தான் மூடும். குறட்டைக்காரர்களுக்குப் பூஜ்யத்தை நோக்கி ஏறும். பூஜ்யத்தைத் தாண்டிவிட்டால், வெளிக்காற்று சாதாரணமாக இருக்கும்போதே தொண்டை மூடிவிடுகிறது என்று அர்த்தம். பிளஸ் 2-க்கு மேல் இருந்தால் தொண்டையின் அமைப்பையே சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப் மாஸ்க்தான். மைனஸ் 2-க்குக் கீழே என்றால் மற்ற காரணங்களையும் தேட வேண்டும். உன் டாக்டருக்கு வேண்டியது இந்த எண்தான்.

அளப்பது இப்படி. மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சு தடையில்லாமல் ஓட விடுவார்கள். அப்புறம் அழுத்தத்தைச் சட்டென்று இறக்கி, ஐந்து மூச்சு வரை பார்த்துவிட்டுப் பழையபடி ஏற்றிவிடுவார்கள். திரையில் மூச்சு உள்ளே போகும் கோட்டின் முகடு வட்டமாக இருக்கும். தொண்டை ஒடுங்கினதும் அது தட்டையாகிவிடும். நெஞ்சு எவ்வளவு இழுத்தாலும் அந்தத் தட்டைக்கு மேல் காற்று போகாது. இன்னும் இறக்கினால் இன்னும் தாழும். அந்தப் புள்ளிகளைக் கோடாக இழுத்து, காற்று பூஜ்யமாகிற இடத்தைப் பார்த்தால் எண் கிடைத்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த முகடு தட்டையாகிற நொடியில் என் கண் தானாக நோயாளியின் வயிற்றுக்குப் போகும். நெஞ்சு உள்ளே போகும்போது வயிறு மேலே எழும்பும், இரண்டும் எதிரெதிராக.

இதை இயற்கையான தூக்கத்தில் செய்தால் அழுத்தத்தை இறக்கும்போதெல்லாம் ஆள் விழித்துவிடுவார், ராத்திரி போய்விடும். அதனால்தான் மிடசோலம் அல்லது புரோபோபால் என்ற தூக்க மருந்து. சாவ் பாவ்லோ ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் அதே ஆட்களிடம் இயற்கைத் தூக்கத்திலும் மிடசோலம் தூக்கத்திலும் அளந்து பார்த்தார்கள். எண் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. அதற்காக மருந்துத் தூக்கமும் தூக்கமும் ஒன்றே என்று நான் நினைக்கவில்லை. கனவுத் தூக்கத்தில் பலருக்கு மூச்சுத்தடை மோசமாகும். இந்தச் சோதனையில் அந்தக் கட்டம் பெரும்பாலும் சிக்காது. புரோபோபால் அளவு கூடக் கூடத் தொண்டை இன்னும் எளிதாக மூடும். அதனால், "மயக்கத்தின் ஆழத்தை எதை வைத்துப் பார்ப்பீர்கள்?" என்று கேள். கேட்கிறவன் மேல் எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார்.

கூடவே மூக்கு வழியாக மெல்லிய கேமராவும் விடுவார்கள் என்று எழுதியிருந்தாய். மூடுவது அண்ணமா, பக்கச் சுவரா, நாக்கடியா, குரல்வளை மூடியா என்று அதில் தெரிந்துவிடும். நாக்கின் நரம்பைத் தூண்டி நாக்கை முன்னால் தள்ளி வைக்கும் கருவி வேண்டும் என்று ஆசைப்படுகிறாயே, அதற்கும் அது முக்கியம். அண்ணம் சுற்றிலும் ஒரே வளையமாக மூடினால் அந்தக் கருவி வேண்டாம் என்பதுதான் வழக்கம்.

முந்தின ராத்திரி மது வேண்டாம். சோதனைக்கு 6 மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு கூடாது, 2 மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் கூடாது. அவர்கள் வேறு நேரம் சொன்னால் அதையே கேள். மயக்க மருந்து டாக்டர் பக்கத்திலேயே இருப்பார், விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப் மாட்டியிருக்கும். ஆக்சிஜன் இறங்கினால் தாடையை முன்னால் தூக்குவார்கள், பெரும்பாலும் அதிலேயே மூச்சு திறந்துவிடும். அன்றைக்கு வண்டி ஓட்டாதே, வீட்டுக்குக் கூட்டிவர ஆள் வைத்துக்கொள்.

ரிப்போர்ட் வந்ததும் அந்த எண்ணையும், எங்கே மூடுகிறது என்ற வரியையும் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா