நல்ல எஸ்எஸ்டி சேமிப்பு டிஸ்க்கைப் பழுது என்று சொல்லி பில் போட்டது குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர்,
லேப்டாப் விற்பனை மற்றும் சர்வீஸ் பிரிவு.

பொருள்: பயாஸில் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) விஎம்டி (எஸ்எஸ்டியைத் தன் கீழ் வைத்து நிர்வகிக்கும் இன்டெல் வசதி) அமைப்பைக் கவனிக்காமல் எஸ்எஸ்டி பழுது என்று அறிக்கை தந்தது; விஎம்டி டிரைவர் மென்பொருளைப் பயன்படும் வடிவில் தராதது.

ஐயா / அம்மையீர்,

எங்கள் அலுவலகத்துக்காக உங்களிடம் வாங்கிய 12-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப் ஒன்றுக்கு வாரண்டியில் மதர்போர்டு மாற்றித் தந்தீர்கள். திரும்பி வந்த மெஷினில் விண்டோஸ் ஏறவில்லை. முதலில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் குறியாக்கம்) ரெக்கவரி கீ கேட்டது. கீயைக் கொடுத்ததும் 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்' (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை அணுக முடியவில்லை) என்ற நீலத்திரை. உங்கள் சர்வீஸ் சென்டர், விண்டோஸ் இன்ஸ்டாலரில் டிஸ்க் தெரியவில்லை என்ற ஒரே காரணத்தை வைத்து, எஸ்எஸ்டி போய்விட்டது என்று எழுதி, புதியதற்கு எஸ்டிமேட்டும் பரிசோதனைக் கட்டண பில்லும் கொடுத்தது.

ரெக்கவரி கீ கேட்கும் திரையைக் காட்டுவதே அந்த எஸ்எஸ்டியில் இருந்து விண்டோஸை ஏற்றும் பூட் மேனேஜர்தான். நீலத்திரையும் அதிலிருந்து ஏற்றப்பட்ட, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் காட்டுவது. செத்த எஸ்எஸ்டி இந்த இரண்டையும் எப்படிக் காட்டும்?

நடந்தது இதுதான். பழைய போர்டில் விஎம்டி அணைக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் தன்னோடு வரும் என்விஎம்இ (இந்த வகை எஸ்எஸ்டியோடு பேசும் முறை) டிரைவரில் ஓடியது. புதுப் போர்டு விஎம்டி ஆன் நிலையில் வந்தது. அந்த நிலையில் எஸ்எஸ்டி தனி பிசிஐ சாதனமாகத் தெரியாமல் விஎம்டி கன்ட்ரோலருக்குப் பின்னால் போய்விடும். விஎம்டியைக் கையாளும் இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர் இல்லாத விண்டோஸுக்கும் இன்ஸ்டாலருக்கும் அது கண்ணில் படாது. கதவைப் பூட்டிவிட்டு வீட்டில் ஆளே இல்லை என்று எழுதிக் கொடுத்த கதை. பயாஸில் விஎம்டியை அணைத்தோம், அதே எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏறிவிட்டது.

விஎம்டி ஆனிலேயே இருக்க வேண்டும் என்பது உங்கள் கொள்கை என்றால், டிரைவரையாவது ஒழுங்காகக் கொடுங்கள். உங்கள் தளத்தில் இந்த மாடலுக்கு இருப்பது இஎக்ஸ்இ கோப்பு மட்டுமே. இன்ஸ்டாலரின் 'லோட் டிரைவர்' திரைக்கு வேண்டியது டிரைவரின் ஐஎன்எஃப், சிஸ், கேட் கோப்புகள் மூன்றும் சேர்ந்த ஃபோல்டர். வேறு கம்ப்யூட்டரில் பிரித்தெடுக்கலாம் என்றால், 'இந்த மாடலுக்கு ஆதரவில்லை' என்று உங்கள் கோப்பு மூடிக்கொள்கிறது. கடைசியில் இன்டெல் தளத்திலிருந்து ஆர்எஸ்டி 19-ஆம் பதிப்பை இறக்கி, 'எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ்' சுவிட்ச் கொடுத்துப் பிரித்து, பென் டிரைவில் போட்டுப் பார்த்தோம். 467எஃப் என்ற அடையாள எண் கொண்ட விஎம்டி கன்ட்ரோலர் பட்டியலில் வந்தது, தேர்ந்தெடுத்ததும் டிஸ்க்கும் வந்தது. 11-ஆம் தலைமுறையில் அந்த எண் 9ஏ0பி. பொருந்தாத டிரைவர் ஃபோல்டரைக் காட்டினால் பட்டியல் காலியாகவே இருக்கும். உங்கள் டெக்னீஷியனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. விஎம்டி ஆனில் இன்ஸ்டால் செய்த மெஷின்களில் அதை அப்படியே அணைத்துவிடும்படி உங்கள் ஹெல்ப்லைன் சொல்கிறது. அப்படிச் செய்தால் இதே நீலத்திரை எதிர்ப்பக்கமாக வரும். முதலில் பிட்லாக்கரை நிறுத்தி வைக்க வேண்டும். பிட்லாக்கரை நிர்வகிக்கும் மேனேஜ்-பிடிஇ கட்டளையில் ரீபூட்கவுன்ட் 0 என்று கொடுக்காவிட்டால் ஒரு ரீஸ்டார்ட்டிலேயே அது திரும்ப விழித்துக்கொள்ளும். பிறகு பூட் அமைப்பை மாற்றும் பிசிடிஎடிட் கட்டளையில் சேஃப்பூட் மினிமல் (சேஃப் மோடில் ஏறச் சொல்லும் மதிப்பு) வைத்து, ரீஸ்டார்ட் செய்து, பயாஸில் விஎம்டியை அணைத்து, சேஃப் மோடில் ஒருமுறை ஏற்ற வேண்டும். விண்டோஸ் தன் என்விஎம்இ டிரைவரைப் பூட் நேரத்துக்குச் சேர்த்துக்கொள்வது அப்போதுதான். அதன்பின் சேஃப்பூட் மதிப்பை நீக்கி, பிட்லாக்கரை மறுபடி இயக்கலாம். ரெக்கவரி கீ கையில் இல்லாத வாடிக்கையாளர் உங்கள் ஹெல்ப்லைன் பேச்சைக் கேட்டால் தன் டேட்டாவையே இழக்கலாம்.

நாங்கள் கேட்பது: பரிசோதனைக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். 'எஸ்எஸ்டி பழுது' என்ற அறிக்கையை எழுத்துமூலம் ரத்து செய்யுங்கள். அது இருக்கும்வரை பிற்பாடு உண்மையாகவே எஸ்எஸ்டி பழுதானால் வாரண்டி கேட்பதில் சிக்கல் வரலாம். விஎம்டி டிரைவரை ஜிப் கோப்பாகத் தளத்தில் ஏற்றுங்கள். போர்டு மாற்றும்போது பழைய பயாஸ் அமைப்பைக் குறித்து வைத்து, அதையே புதுப் போர்டிலும் வைக்கச் சொல்லுங்கள்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் சேவைக் குறைபாடாக மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்போம்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புப் பிரிவு

இணைப்பு: சர்வீஸ் அறிக்கை, பில், எஸ்டிமேட் நகல்கள்; விஎம்டி ஆன், ஆஃப் நிலைகளில் எடுத்த பயாஸ் படங்கள்; எஸ்எஸ்டியின் ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையைத் தானே கண்காணித்துத் தரும்) அறிக்கை.