கோயில் சுவரில் நீ போட்ட கோடு

அண்ணா,

மே 2 வந்துவிட்டது, 2008-ல் நர்கிஸ் புயல் சித்தியைக் கொண்டுபோன நாள். சித்திக்கு இந்த வருஷமும் நான்தான் படையல் போட்டேன். வேலையை விட்டுவிட்டேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே வெட்டிப் பேசுவாய். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதினால் முழுசாகக் கேட்பாய்.

பர்மாவின் ஐராவதி டெல்டாவில், போகலே பக்கம் அந்த மாரியம்மன் கோயில் சுவர் ஞாபகம் இருக்கா? தண்ணீர் ஏறி நின்ற சேற்றுத் தடத்துக்கு நேராக டேப்பைப் பிடித்து, கரித்துண்டால் ஒரு கோடு கிழித்தாய். உன் கை நடுங்கியது. அந்தக் கோடு சித்தியின் தலைக்கு எவ்வளவு மேலே என்று நீயும் கணக்குப் போடுகிறாய் என்று எனக்குப் பட்டது. பின்னால் ஒரு தாத்தா பேசிக்கொண்டே இருந்தார். "இந்த வயலெல்லாம் கனசோ காடு தம்பி. எங்க அப்பாரு கூலிக்கு வெட்டின காடு." கனசோ என்றால் அங்கே வளர்கிற ஒரு அலையாத்தி மரம். நீ திரும்பி, "கொஞ்சம் சும்மா இருங்க தாத்தா, அளவு தப்புது" என்றாய். அவர் வாயை மூடிக்கொண்டார்.

உன்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. வரலாறு படித்தவள் நான். பையில் நோட்டும் பேனாவும் இருந்தன. அவரைப் பேசச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு யாருக்குக் கதை கேட்கிற மனசு இருந்தது? ஆனாலும் கேட்டிருக்க வேண்டும். அடுத்த வருஷமே அவர் போய்விட்டார்.

அவர் சொல்லவந்ததைப் பிறகு புத்தகங்களில் துண்டு துண்டாகத் தேடி எடுத்தேன். 1852-ல் வெள்ளைக்காரன் கீழ்ப் பர்மாவைப் பிடித்தான். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது, அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி கூடியது. மேல் பர்மாவிலிருந்து வந்த குடியானவர்கள் காட்டை அழித்து நெல் போட்டார்கள். செட்டியார் கடைகள் கடன் கொடுத்தன, மேஸ்திரி கப்பலேற்றி வந்த நம்மாட்கள் அறுப்பு அறுத்தார்கள். 1930-களில் நெல் விலை விழுந்தபோது கடனுக்கு ஈடாகக் கீழ்ப் பர்மா நெல் நிலத்தில் கிட்டத்தட்ட கால்பங்கு செட்டியார்கள் கைக்குப் போனது. மிஞ்சின அலையாத்திக் காடு அப்புறம் விறகுக்கும் கரிக்கும் வயலுக்கும் போனது. கடைசியில் 12 அடி அலை வந்தபோது குறுக்கே நிற்க மரம் எங்கே இருந்தது? காற்றழுத்தம், கடல் மட்டம் எல்லாம் உன் கம்ப்யூட்டரில் இருக்கிறது. எந்தக் கடனை அடைக்க யார் எந்த மரத்தை வெட்டினான் என்பது பழைய கணக்கேட்டிலும் அந்த மாதிரித் தாத்தாக்கள் வாயிலும்தான் இருக்கிறது.

சித்தியும் ரேடியோ கேட்டாள். காற்று வரும் என்றார்கள், அவளும் கூரை ஓலை பறக்காமல் இருக்க அம்மிக் குழவியை மேலே ஏற்றி வைத்தாள். தண்ணீர் வரும் என்று அவள் நினைக்கவே இல்லை. புயல் என்றால் மேற்கே ரக்கைன் கரைக்குப் போவது, அவள் பார்த்த உலகம் அது. அவளுக்குப் புரிகிற வார்த்தையில் சொல்ல ஆள் இருந்தால் மேட்டுக்குப் போயிருப்பாள். யார் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதை இங்கே எழுதமாட்டேன். உனக்குத் தெரியும், போதும். இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 1,38,000 பேர். சித்தி இன்னும் காணாமற்போனவர் கணக்கில்தான் இருக்கிறாள்.

அந்த ராத்திரி நம் ரங்கூன் வீட்டுக் கதவைத் தோளால் முட்டுக்கொடுத்து விடியும்வரை நின்றாயே, அண்ணா. அந்தத் தோளை நினைக்காத நாளில்லை. அதே தோளில் பையை மாட்டிக்கொண்டு, அம்மாவை என்னிடம் விட்டுவிட்டு சிங்கப்பூர் போனாய். "கதை எழுதிக் கடலைத் தடுக்கப் போறியா?" என்று பந்தியில் எல்லார் முன்னாலும் கேட்டதும் நீதான். அம்மா சிரித்தாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

டெல்டாவிலிருந்து ரங்கூனுக்கு வந்து சேர்ந்த பெரியவர்கள் எட்டுப் பேரிடம் பேசிப் பதிவு செய்துவிட்டேன். வேறு எங்கே போகிறேன் என்பது இங்கே வேண்டாம், தனியாகச் சொல்கிறேன். உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அந்தக் கோயிலுக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள், கோடு இல்லை. உன் பழைய நோட்டில் அந்த அளவு இருக்கும். தேடி அனுப்பு. தாத்தா சொன்ன ரெண்டு வரியை அதன் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.

உன் தங்கை