துணைவேந்தர் இருக்கை காலியானால் மறுநாள் யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துணைவேந்தர் நியமனம் குறித்து உங்கள் இதழில் வந்த தலையங்கத்தைப் படித்தேன். ஆளுநரா, மாநில அரசா என்ற கேள்வியை நன்றாக அலசியிருந்தீர்கள். அதில் நான் மாநில அரசின் பக்கம்தான். ஆனால் அது பற்றிய நீதிமன்ற வழக்கு முடியும்வரை பல்கலைக்கழகத்தை யார் நடத்துவது என்பதைத் தலையங்கம் தொடவே இல்லை. இணைவுக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கு அதுதான் பெரிய கவலை.

துணைவேந்தரை நியமிக்கும் வேந்தராக ஆளுநர் இருப்பதை அரசியலமைப்பே தந்த பதவி என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பதவியைத் தருவது அந்தந்தப் பல்கலைக்கழகச் சட்டம். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1923ஆம் ஆண்டுச் சட்டம், பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களுக்கு 1981ஆம் ஆண்டுச் சட்டங்கள் என்று நம் மாநிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சட்டம். 2013இல் இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் இயற்றியபோது முதலமைச்சரையே வேந்தர் ஆக்கினார்கள். ஆக, எழுதுகிற சட்டமன்றம் எப்படி எழுதுகிறதோ அப்படித்தான். பல்கலைக்கழகம் நிறுவும் அதிகாரம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 32ஆவது இனமாக இருக்கிறது. உயர்கல்வித் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் ஒன்றியப் பட்டியலில் 66ஆவது இனமாக இருக்கிறது. துணைவேந்தர் தகராறு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓடிய தூரத்தைப் பாருங்கள். 2022 ஏப்ரலில் நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் மசோதாக்கள் நம் சட்டமன்றத்தில் நிறைவேறின. ஆளுநரின் ஒப்புதல் வராமல் கிடந்து, திரும்பி வந்து, 2023 நவம்பர் 18 அன்று சிறப்புக் கூட்டத்தில் பத்து மசோதாக்கள் மீண்டும் நிறைவேறின. 2025 ஏப்ரல் 8 அன்று, அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். மே மாதமே துணைவேந்தர் நியமனப் பிரிவுகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அப்புறம் நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதில் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 'ஒப்புதல் அளித்ததாகக் கருதுவது' என்பதே கூடாது என்றது. ஆளுநர் காரணமின்றிக் காலவரையில்லாமல் மசோதாவை வைத்திருக்கவும் கூடாது என்றது. இதற்கிடையில் துணைவேந்தர் பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடுதல் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் பிரதிநிதி இருக்க வேண்டுமா என்று வேறொரு மல்லுக்கட்டு. அதற்கு அடிப்படை மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள். அந்த விதிமுறைகளுக்கு முரணான துணைவேந்தர் நியமனம் செல்லாது என்று குஜராத் வழக்கில் 2022இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. எனவே இதை லேசாக ஒதுக்கவும் முடியாது.

இவ்வளவும் நடந்த காலத்தின் பெரும்பகுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் இல்லை. 2023 ஆகஸ்டில் காலியான இருக்கை ஆண்டுக்கணக்கில் காலியாகவே கிடந்தது. 2024இல் வருமான வரித் துறை அந்தப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. சம்பளமும் ஓய்வூதியமும் வருமா என்று ஊழியர்கள் தவித்த அந்த நாட்களில், எல்லோருக்கும் முன்னால் நின்று பேசவேண்டிய ஆள் இல்லை.

இருக்கை காலியானால் பல்கலைக்கழகத்தின் நிர்வாக அமைப்பான ஆட்சிக்குழு உரிய மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதுதான் நம்மிடம் இருக்கிற வழி. நடைமுறையில் அது ஒரு பொறுப்புக் குழுவாகிறது. வழக்கமாக உயர்கல்வித் துறைச் செயலாளரே அதன் ஒருங்கிணைப்பாளர். எனக்கு உறுத்துவது இதுதான். பல்கலைக்கழகத்துக்காக அரசிடம் நிதி கேட்கவேண்டியவரும் அரசின் சார்பில் 'இவ்வளவுதான்' என்று சொல்பவரும் ஒரே ஆளாகிவிடுகிறார். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்த இரண்டு வேலையையும் ஒருவரால் செய்ய முடியாது. தலைமைச் செயலகத்தில் ஆயிரம் கோப்புகளுக்கு நடுவில் ஒரு பல்கலைக்கழகத்தை நடத்துவது கோட்டைக்கும் நல்லதில்லை, வகுப்பறைக்கும் நல்லதில்லை. ஆசிரியர் பணியிடம் நிரப்புவது, புதிய துறை தொடங்குவது போன்றவற்றை இடைக்காலக் குழு தொடத் தயங்குகிறது. தயங்குவது நியாயம்தான். ஆனால் அந்தத் தயக்கம் வருடக்கணக்கில் நீண்டால், பேராசிரியர்கள் ஓய்வு பெறப் பெற, துறைகள் தானாகவே கரைந்துபோகும். என்னிடம் படித்த ஒரு பெண், வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தும், பட்டச் சான்றிதழுக்காக மாதக்கணக்கில் அலைந்தாள். கேட்ட இடத்திலெல்லாம் 'கையெழுத்துக்குப் போயிருக்கிறது' என்ற ஒரே பதில்தான்.

இதற்கு நல்ல வழி வெகு தொலைவில் இல்லை, திருவாரூரிலேயே இருக்கிறது. அங்குள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் 2009ஆம் ஆண்டு மத்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் வருவது. அந்தச் சட்டத்தின் விதிப்படி, துணைவேந்தர் இருக்கை காலியானால் இணைத் துணைவேந்தர் பொறுப்பேற்க வேண்டும். அவரும் இல்லையென்றால் பணிமூப்பில் முதலில் இருக்கும் பேராசிரியர். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, குழு அமைக்கவும் வேண்டியதில்லை. நம் மாநிலச் சட்டங்களிலும் இதே ஏற்பாட்டை எழுதினால் என்ன?

மூத்த பேராசிரியர் நிர்வாகத் திறமை இல்லாதவராக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். சரி, இருக்கலாம். ஆனால் அவர் அதே வளாகத்தில் இருப்பார், மாணவர் போய்க் கதவைத் தட்டலாம். தேர்வு, பட்டச் சான்றிதழ், வரவு செலவு, சம்பளம் ஆகியவற்றில் அவருக்கு முழு அதிகாரம். புதிய நியமனங்களில் அதிகாரம் இல்லை என்று எல்லை போட்டுவிடலாம். காலக்கெடுவும் வேண்டும், கூடவே அது தவறினால் என்ன ஆகும் என்பதும் வேண்டும். ஆறு மாதத்துக்குள் நிரந்தரத் துணைவேந்தர் வரவில்லையென்றால், தாமதத்துக்கான காரணத்தை வேந்தர் அலுவலகமும் உயர்கல்வித் துறையும் தனித்தனியே எழுத்தில் தரவேண்டும். அதைச் சட்டமன்றத்தில் வைக்கவேண்டும். இப்போது இரு தரப்பும் மாறி மாறி அறிக்கை விடுகிறார்கள், பதிவாக எதுவும் நிற்பதில்லை.

இந்தத் திருத்தம் வேந்தரின் அதிகாரத்தில் எதையும் பறிப்பதில்லை. நிரந்தரத் துணைவேந்தரை யார் நியமிப்பது, தேடுதல் குழுவில் யார் உட்காருவது என்ற தகராறுகளும் இதில் வராது. அதனால் ஒப்புதல் தராமல் வைத்திருக்கக் காரணம் தேடுவதும் கடினம். பல பல்கலைக்கழகச் சட்டங்களை ஒரே மசோதாவால் திருத்துவதும் நம் சட்டமன்றத்துக்குப் புதிதல்ல.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கட்சிகளின் செய்தித் தொடர்பாளர்களிடம் துணைவேந்தரை யார் நியமிப்பது என்று கேட்கும்போதெல்லாம், பதவிக்காலம் முடிந்த மறுநாள் காலையில் யார் கையெழுத்திடுவது என்பதையும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலைக் கட்சிப் பெயரோடு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
தஞ்சாவூர்