பில்லில் இடம்பெறாத இயங்குதளம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மாதங்களில் மடிக்கணினி வாங்குவது குறித்த குறிப்புகள் நாளிதழ்களில் தவறாமல் வெளிவருகின்றன. புராசஸர் எத்தனையாவது தலைமுறை, ரேம் எவ்வளவு வேண்டும், பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்றெல்லாம் விரிவாக எழுதுபவர்கள், அந்தக் கணினியில் விண்டோஸ், லினக்ஸ் போன்றவற்றில் எந்த இயங்குதளம் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) இருக்க வேண்டும், அது யார் பெயரில் பதிவாக வேண்டும் என்பதைத் தொடுவதே இல்லை. கடைக்காரர் பார்த்துப் போட்டுக் கொடுத்துவிடுவார் என்று அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறோம். அதனால் வாங்கியவர்கள் படும் பாட்டை, கும்பகோணத்தில் அழைப்பிதழ் வடிவமைப்பும் நகலெடுப்பும் செய்யும் சிறு கடை ஒன்றை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவருபவன் என்ற முறையில் அடிக்கடி பார்க்கிறேன். நானே பட்டும் இருக்கிறேன்.

என் தங்கை மகளுக்கு வாங்கிய மடிக்கணினி, விண்டோஸ் 11 ஹோம் முறையான உரிமத்துடன் நிறுவப்பட்டே வந்த ஒன்று. முதன்முறை இயக்கும்போது அது இணைய இணைப்பையும் மைக்ரோசாஃப்ட் கணக்கையும் கேட்கும். எங்களுக்கு அவசரம், வாசலில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. கடையில் வேலை பார்த்த பையன் தன் மின்னஞ்சலையே கொடுத்துக் காரியத்தை முடித்துவிட்டு, "அப்புறம் உங்க பேருக்கு மாத்திக்கலாம் அண்ணே" என்றான். ஏழு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. ஒரு நாள் மாலை, கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் என்னும் மென்பொருளின் புதுப்பித்தல் முடிந்து கணினி மீண்டும் இயங்கத் தொடங்கியபோது, நீலத் திரை ஒன்று தோன்றி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. மறுநாள் காலை அவள் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டிய திட்ட அறிக்கை அதற்குள் இருந்தது.

நடந்தது இதுதான். இன்றைய பெரும்பாலான விண்டோஸ் 11 மடிக்கணினிகள், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் வட்டிலுள்ள தரவு முழுவதையும் தாமாகவே குறியாக்கம் செய்து பூட்டிவிடுகின்றன. பூட்டுக்குரிய சாவி அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படுகிறது. கணினி களவு போனாலும் கோப்புகள் களவு போகாமல் காக்கும் நல்ல ஏற்பாடு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பூட்டின் சாவி அந்தப் பையனின் கணக்கில் இருந்தது. அவனோ வேலையை விட்டுத் திருப்பூருக்குப் போய்ச் சில மாதங்களாகியிருந்தன. அவன் கைப்பேசி எண்ணைத் தேடிப் பிடித்து, மறந்துபோன கடவுச்சொல்லை அவன் மாற்றிக்கொண்டு உள்ளே நுழைந்து, ஆறாறு இலக்கங்களாக எட்டு முறை வாசிக்க, நாங்கள் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து முடித்தபோது இரவு மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. அவன் நல்ல பிள்ளை, எண்ணையும் மாற்றியிருக்கவில்லை; ஆகவே தப்பித்தோம்.

உரிமத்துடன் வாங்கிய கணினிக்கே இந்த நிலை என்றால், விலை குறைவு என்பதற்காக வாங்கப்படும் 'டாஸ் லேப்டாப்' பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ரீடாஸ் எனப்படும், பெயரளவிலான ஓர் இயங்குதளத்துடன் அது வரும். இயக்கினால் கறுப்புத் திரையில் சில எழுத்துகள் தெரியும், அவ்வளவுதான். சில நூறு ரூபாய் கூடுதலாகப் பெற்றுக்கொண்டு அதில் விண்டோஸைக் 'கிராக்' செய்து போட்டுக் கொடுப்பது பல கடைகளில் வழக்கமாகவே ஆகிவிட்டது. உரிமம் இல்லாமல் செயல்படுத்தும் கருவியை ஓடவிடுவதற்காக விண்டோஸின் பாதுகாப்பு மென்பொருளை முதலில் அணைக்கிறார்கள். மீண்டும் அதை இயக்க யாருக்கும் நினைவிருப்பதில்லை. சில மாதங்கள் கழித்துத் திரையின் வலது கீழ்மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்ற மங்கலான வரி தோன்றும்போதுதான் வாங்கியவருக்குச் சந்தேகமே வருகிறது.

விண்டோஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் கடையிலேயே ஒரு கணினியில் விண்டோஸும் மற்றொன்றில், லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டும் இருக்கின்றன. முகூர்த்த நாட்கள் நெருங்கும்போது அழைப்பிதழ்களை, விண்டோஸில் ஓடும் வடிவமைப்பு மென்பொருளான கோரல்டிராவில்தான் செய்தாக வேண்டும். பழைய தமிழ் எழுத்துருக்களில் செய்துவைத்த நூற்றுக்கணக்கான வடிவமைப்புகள் அதில்தான் திறக்கும், அச்சகத்தாரும் அந்தக் கோப்பைத்தான் கேட்பார்கள். (2000ஆம் ஆண்டில் கோரல்டிராவே லினக்ஸுக்கு வந்தது, அந்த முயற்சி நீடிக்காமல் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.) டேலியில் கணக்கெழுதுபவருக்கும், சாலிட்வொர்க்ஸ் என்னும் வடிவமைப்பு மென்பொருளைப் பயிலும் இயந்திரவியல் மாணவருக்கும் இதே நிலைதான், அவர்கள் உரிமத்துடன் கூடிய விண்டோஸை வாங்கிக்கொள்வதே சரி.

ஆனால் வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் இரண்டாவது கணினியில் விண்டோஸை வைத்துக்கொண்டு நான் பட்ட அவதி சொல்லி மாளாது. விண்ணப்பம் அச்செடுக்க வருபவர்கள் கொண்டுவரும் பென் டிரைவில் கோப்புறைகள் அனைத்தும் ஒரு கிலோபைட் அளவுள்ள குறுக்குவழிகளாக மாறியிருக்கும். அதில் ஒன்றைச் சொடுக்கினால் அந்த வைரஸ் என் கணினிக்கும் தாவி, அடுத்தவர் செருகும் பென் டிரைவுக்கும் போய்ச்சேரும். லினக்ஸுக்கு மாறிய பிறகு அந்தக் குறுக்குவழிகள் வெறும் உயிரற்ற கோப்புகளாகக் கிடக்கின்றன. வைரஸ் மறைத்துவைத்த உண்மையான கோப்புறைகளோ, விண்டோஸ் மதிக்கும் 'மறைவு' அடையாளத்தை லினக்ஸ் பொருட்படுத்தாததால், பக்கத்திலேயே பளிச்சென்று தெரிகின்றன. கோப்புகள் போயே போய்விட்டன என்று அழாத குறையாக நின்ற ஓர் ஆய்வு மாணவிக்கு, அவருடைய அத்தியாயங்கள் முழுவதையும் ஐந்து நிமிடத்தில் வேறு பென் டிரைவில் படியெடுத்துக் கொடுத்தேன்.

இணையம், மின்னஞ்சல், கடிதம், கணக்குத்தாள், ஒளிப்படம் என்ற அளவில் நின்றுவிடும் வீட்டுப் பயன்பாட்டுக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும். பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்து, வைஃபையும் அச்சுப்பொறியும் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துகொண்ட பிறகு நிறுவலாம். என் பழைய அச்சுப்பொறி ஒன்று லினக்ஸில் ஓட மறுத்து என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தமிழைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை. 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை இரண்டு இயங்குதளங்களிலும் கிடைக்கிறது. ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சு செய்தது எங்கும் அப்படியே திறக்கும். கணினியியல் மாணவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓடவிடும் வசதி 2016 முதல் இருக்கிறது. மேக் வாங்க வசதியுள்ளவர்களுக்கு இந்தக் கடிதம் தேவைப்படாது.

பயன்படுத்திய மடிக்கணினி வாங்குபவர்கள்தாம் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். பெருநிறுவனங்கள் கழித்துவிட்ட மடிக்கணினிகள், சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி எங்கள் ஊர்வரை, துடைத்துப் புதுப் பையில் வைத்து விற்கப்படுகின்றன. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. தனியே பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டுமே கூடுதல் அவகாசம். விண்டோஸ் 11க்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புராசஸரும் வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை இயந்திரங்களில் நிறுவும்போது நடக்கும் தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11ஐத் திணித்து விற்கிறார்கள். அத்தகைய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது. அதே இயந்திரத்தில் லினக்ஸ் மின்ட் 22ஐ நிறுவினால் 2029வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும், ஒரு பைசா செலவில்லாமல்.

அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளிலும் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அந்த இயங்குதளத்தை, பழுது என்று என் கடைக்கு அவற்றைக் கொண்டுவந்த மாணவர்களில் ஒருவர்கூடத் திறந்து பார்த்ததில்லை. பலர் இடம் பற்றவில்லை என்று அதை அழித்துவிட்டிருந்தனர். பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக் கணினிப் பாடமே லினக்ஸில் நடக்கிறது. இங்கே கொடுத்துவிட்டோம், அரை மணி நேரம் சொல்லித்தரவில்லை.

ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கும் வணிகர் சங்கங்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். கணினி விற்பனைப் பில்லில் ரேம், வட்டு ஆகியவற்றின் அளவுடன் இயங்குதளத்தின் பெயரும், அது உரிமம் பெற்றதா, இலவச மென்பொருளா, இயங்குதளமே இல்லாத இயந்திரமா என்பதும் அச்சிடப்பட வேண்டும். முதன்முறை இயக்கும்போது வாங்குபவரின் மின்னஞ்சலை மட்டுமே கொடுக்க வேண்டும், மீட்புச் சாவியை ஒரு தாளில் அச்செடுத்து அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அண்மையில் எங்கள் தெருவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடன் கணினி வாங்கப் போயிருந்தபோது, 'விண்டோஸ் 11 ஹோம், உரிமத்துடன்' என்று பில்லில் எழுதித் தரும்படி கேட்டேன். கடைக்காரர் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேசை மேலிருந்த பெட்டியை உள்ளே எடுத்துச் சென்று வேறொரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

தங்கள் உண்மையுள்ள,
அழைப்பிதழ் வடிவமைப்பாளர்,
கும்பகோணம்.