பாடக் காணொளிக்கு ஓவியரையும் கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூரில் பல வருடங்களாகப் பெயர்ப் பலகை எழுதுகிறேன். மாலையில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். 2018-இல் தமிழகப் பாடநூல்களில் க்யூஆர் கோடு வந்தபிறகு வீட்டிலேயே பாடக் காணொளி பார்க்க முடிகிறது. நல்ல ஏற்பாடுதான்.

போன வாரம் என் மகள் செல்போனில் இதயம் பற்றிய ஒரு காணொளி பார்த்தாள். நான்கு அறைகள், வால்வுகள், ரத்தக் குழாய்கள் எல்லாம் பெயரோடு ஒரே நேரத்தில் வந்து நின்றன. சிவப்புப் படத்தின் மேல் நீல எழுத்து வேறு. "அப்பா, இதுல எதை முதல்ல பாக்கணும்?" என்று கேட்டாள்.

சிவப்பில் நீலம் எழுதினால் கண் கூசும். மஞ்சளில் கறுப்பு எழுதினால் பஸ்ஸில் போகிறவரும் படிப்பார். இது எங்கள் தொழிலில் முதல் பாடம். அப்புறம், வாசல் கோலத்தைப் பாருங்கள். போட்டு முடித்த சிக்குக் கோலத்தைக் காட்டினால் யாருக்கும் போட வராது. புள்ளி வைத்து, இழை எங்கே தொடங்கி எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகிறது என்று கூடவே உட்கார்ந்து பார்த்தால்தான் வரும். இதயத்தையும் அப்படியே காட்டலாம். முதலில் வெளிக்கோடு, பிறகு வலது மேலறை, அங்கிருந்து ரத்தம் போகும் வழி. வரைகிற கையும் திரையில் தெரியட்டும்.

பள்ளிகளில் ஓவிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் நுண்கலை படித்தவர்களும் இருக்கிறார்கள். பாடம் தயாரிக்கும் குழுவில் முதல் நாளிலேயே அவர்களை உட்கார வைக்கும்படி கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஓவியர், மஞ்சக்குப்பம், கடலூர்