சீனா 1976: ஆண்டுநூல் தொகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். இயர்புக், போட்டித் தேர்வுக் கையேடு, 'அந்த ஆண்டில்' பக்கங்கள் என்று தமிழில் தொகுக்கும் உங்கள் அனைவருக்கும் இந்த மடல். ஒரு நாட்டின் ஓராண்டு நிகழ்வுகளையும் மறைவுகளையும் அடுக்கும்போது வழக்கமாக நுழையும் பிழைகள் அத்தனையும் சீனாவின் 1976-ல் ஒரே பக்கத்தில் சிக்கும். அதனால்தான் அந்த ஆண்டை எடுத்துக்கொண்டோம்.

முதலில் பெயர்கள். ஜனவரி 8-ல் மறைந்த பிரதமரைப் பழைய தமிழ்ப் பத்திரிகைகள் 'சூ என் லாய்' என்றன. ஜூலை 6-ல் மறைந்த மூத்த தளபதியும் தமிழில் 'சூ' தான். சீனத்தில் இரண்டும் வேறு வேறு குடும்பப் பெயர்கள். முன்னவரைச் சௌ என்லாய் என்றும் பின்னவரைச் சூ தே என்றும் எழுதினால் குழப்பம் தீரும். குடும்பப் பெயர்தான் முன்னால் வரும். ஆகவே அகரவரிசையில் மாவோ 'ம'-வில் இருக்க வேண்டும், 'சேதுங்' என்று தேடவைக்கக் கூடாது. 1979 ஜனவரி 1 முதல் சீன அரசின் வெளிநாட்டு மொழி வெளியீடுகள், சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறைக்கு மாறின. அதற்கு முந்தைய செய்தியிலிருந்து ஒன்று, பிந்தைய நூலிலிருந்து ஒன்று என்று எடுத்தால் ஒரே மனிதர் இரண்டு வரியில் இருமுறை இறந்துவிடுவார்.

அடுத்தது வயது. இறந்த ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்துப் போட்டுவிடுவது நமக்கெல்லாம் பழக்கம். இந்த மூவருக்கும் அது தவறான விடை தரும், ஏனென்றால் ஒருவருக்கும் அந்த ஆண்டுப் பிறந்தநாள் வந்திருக்கவில்லை. சௌ பிறந்தது 1898 மார்ச் 5, வயது 77. சூ தே 1886 டிசம்பர் 1; வயது 89. மாவோ 1893 டிசம்பர் 26, வயது 82. மாவோவை 'சீன அதிபர்' என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். நாட்டுத் தலைவர் பதவியை அவர் 1959-லேயே விட்டுவிட்டார். சாகும்போது வகித்தது கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பதவி.

தேதிதான் பெரிய வம்பு. மாவோ இறந்தது செப்டம்பர் 9, பெய்ஜிங் நேரம் நள்ளிரவு தாண்டி 12.10. அப்போது இந்தியாவில் செப்டம்பர் 8, இரவு 9.40. வடசீன நகரான தாங்ஷானில் நிலநடுக்கம் ஜூலை 28 அதிகாலை 3.42-க்கு. நிலநடுக்கப் பட்டியல்கள் உலகப் பொது நேரத்தில் இருப்பதால் அங்கே ஜூலை 27, 19.42 என்று காண்பீர்கள். இரண்டும் சரி, ஆனால் நாட்டுவாரிப் பக்கத்தில் அந்த நாட்டின் கடிகாரம்தான் செல்லும். பொது நேரத்தோடு 8 மணி கூட்டினால் பெய்ஜிங் நேரம். அதில் இரண்டரை மணி கழித்தால் இந்திய நேரம்.

தாங்ஷான் பலி எண்ணிக்கையை ஒற்றை எண்ணாகப் போடாதீர்கள். அதிகாரபூர்வ எண் 2 லட்சத்து 42 ஆயிரத்துக்கு மேல். அதுவும் 1979-ல்தான் வெளியானது. ஆரம்பகால மதிப்பீடு ஒன்று 6,55,000 வரை போனது. எந்த எண்ணை எழுதினாலும் யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதைக் கூடவே எழுதுங்கள். அன்று மாலையே 7 அளவைத் தாண்டிய இன்னொரு அதிர்வும் வந்தது. மேக்னிட்யூட் நூலுக்கு நூல் 7.5, 7.8 என மாறுவது அளவுமுறை வேறானதால். இரண்டையும் சராசரி போட்டு 7.65 என்று புதிதாக ஒன்றை உண்டாக்க வேண்டாம்.

நடந்த நாளுக்கும் அறிவித்த நாளுக்கும் தனித்தனிப் பத்தி வையுங்கள். நால்வர் கும்பல் (மாவோவின் மனைவி ஜியாங் சிங்கும் அவருடைய கூட்டாளிகள் மூவரும்) கைதானது அக்டோபர் 6 இரவு. மறுநாள் நாளேட்டில் அது இருக்காது. பெய்ஜிங் வீதிகளில் கொண்டாட்டம் அக்டோபர் 21-ல்தான். தியானன்மென் என்றதும் 1989-க்குத் தாவிவிடுகிறோம், 1976 ஏப்ரல் 5-ம் உண்டு: சௌவுக்காகச் சதுக்கத்தில் வைத்த மலர்வளையங்களை இரவோடிரவாக அகற்றியதால் மக்கள் போராட்டம் வெடித்தது. கட்சி அன்று அதை எதிர்ப்புரட்சி என்றது, 1978 இறுதியில் புரட்சிகரமானது என்று திருத்தியது. நீங்கள் வெறுமனே 'கலவரம்' என்று எழுதினால் முதல் தீர்ப்பின் பக்கம் சாய்ந்ததாகும். ஹுவா குவோஃபெங்கின் ஏற்றமும் மூன்று படி: பிப்ரவரியில் தற்காலிகப் பிரதமர், ஏப்ரல் 7-ல் பிரதமர் (அன்றே துணைப் பிரதமர் டெங் சியாவோபிங் நீக்கம்), அக்டோபரில் கட்சித் தலைவர்.

சிறு வரிகளுக்கும் இடம் விடுங்கள். மார்ச் 8-ல் வடகிழக்குச் சீனாவின் ஜிலினில் விழுந்த விண்கற்களில் பெரியது 1,770 கிலோ. இந்தியாவும் சீனாவும் மீண்டும் தூதர்களை அனுப்பிக்கொண்டதும் அந்த ஆண்டுதான். நம் பக்கத்திலிருந்து போனவர் கே. ஆர். நாராயணன்.

விடுபட்ட ஒரு மறைவும் உண்டு. 1935-ல் கட்சியின் ஒட்டுமொத்தப் பொறுப்பை ஏற்ற ஜாங் வென்தியன், 1959-க்குப் பின் ஒதுக்கப்பட்டு, வூஷி நகரில் ஜூலை 1 அன்று, கட்சியின் பிறந்தநாளிலேயே இறந்தார். அப்போது செய்தி வெளியிடப்படவில்லை. அஞ்சலிக் கூட்டம் 1979-ல். அன்றைய செய்தித்தாள்களை மட்டும் பார்த்துத் தொகுத்த பட்டியல்களில் அவர் இல்லாததற்கு இதுவே காரணம். அடுத்த பதிப்பில் ஜூலை 1-க்கு எதிரே அவர் பெயரைச் சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பக்கங்களைத் தவறாமல் படிப்பவர்கள்